சோம்பேறிக் கண்ணும் ஸர்வே லேபும்

(பழைய மாணவர் சங்கக் குடும்ப சந்திப்பில் பேசியது. மேடையில் விட்டுப்போன சில எண்களை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)

சங்கத் தலைவர் அவர்களே, எங்களைத் திட்டித் திட்டியே எஞ்சினியர்களாக்கிய பேராசிரியப் பெருமக்களே, 2009-ஆம் ஆண்டு சிவில் பிரிவு நண்பர்களே, அவர்களோடு வந்திருக்கும் குடும்பத்தாரே, கடைசி வரிசையில் உட்கார்ந்து மெஸ் மணி எப்போது அடிக்கும் என்று காத்திருக்கும் இந்நாள் மாணவர்களே!

செயலாளர் போன் பண்ணி, "நீ இந்தத் தடவை பேசணும்ப்பா. பாலம், பைல் ஃபவுண்டேஷன் எல்லாம் வேண்டாம். குடும்பத்தோடு வர்றாங்க. எல்லாருக்கும் உபயோகமா ஏதாவது சொல்லு" என்றார். எனக்குத் தெரிந்ததே பாலமும் பைலும்தான். அவை தவிர கடந்த மூன்று வருஷத்தில் நான் உட்கார்ந்து படித்தது ஒரே ஒரு விஷயம். குழந்தைகளுக்கு வரும் 'லேஸி ஐ'. தமிழில் சோம்பேறிக் கண் என்கிறார்கள். டாக்டர்கள் ஆம்ப்ளியோபியா என்பார்கள். நான் கண் மருத்துவன் இல்லை. ஒரு குழந்தையின் அப்பா. அந்த அளவுக்கு மட்டும் என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

கதை நம் ஸர்வே லேபில் ஆரம்பிக்கிறது. 2007. மிரர் ஸ்டீரியோஸ்கோப் ஞாபகம் இருக்கிறதா? விமானத்திலிருந்து அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களைக் கீழே வைத்து, மேலே இரண்டு கண்ணையும் வைத்துப் பார்க்க வேண்டும். முதலில் இரண்டு தட்டையான படம் தெரியும். கொஞ்சம் இப்படி அப்படி நகர்த்தினால் திடீரென்று இரண்டும் ஒன்றாகி, மலை மேஜையிலிருந்து எழும்பி நம் மூக்கில் இடிக்கிற மாதிரி நிற்கும். என் வாழ்க்கையில் அந்த லேபில் நான் வாய்விட்டு "ஆ" என்று சொன்னது அன்று ஒரு நாள்தான். மற்ற நாளெல்லாம் வெயிலில் செயினைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான்.

எங்கள் பேட்ச்சில் ஆறு பேர். ஐந்து பேர் "ஆ" என்றோம். ஆறாவது ஆள் என் ரூம்மேட். அவனும் குனிந்து பார்த்தான், "ம், எழும்பிடுச்சு" என்றான், என் ரெக்கார்டைப் பார்த்து ரீடிங் எழுதினான். கையெழுத்து வாங்கியாயிற்று. முடிந்தது.

அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். "கதையைச் சொல், பேரைச் சொல்லாதே" என்பது நிபந்தனை. அவனைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் தயவுசெய்து திரும்பிக்கொள்ளுங்கள்.

2009-ல் அவனுக்கு மத்திய அரசுத் துறை ஒன்றில் வேலை கிடைத்தது. எழுத்துத் தேர்வு, நேர்முகம் எல்லாம் தாண்டி, மிச்சம் இருந்தது மெடிக்கல் மட்டும். வீட்டில் ஸ்வீட் வாங்கியாகிவிட்டது. அங்கே டாக்டர் அவன் இடது கண்ணை மூடச் சொன்னார். கடைசி வரி வரை கடகடவென்று படித்தான். வலது கண்ணை மூடச் சொன்னார். முதல் எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார்கள். முன்னேற்றம் இல்லை. உள்ளே விழித்திரை நன்றாக இருக்கிறது, நரம்பு நன்றாக இருக்கிறது, கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. ஆனால் தெரியவில்லை. "சோம்பேறிக் கண் தம்பி. அஞ்சு வயசுல வந்திருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இருபத்தோரு வருஷத்தில் அவனுடைய வலது கண்ணை யாரும் மூடிப் பார்த்ததில்லை. அவ்வளவுதான் விஷயம். ஹாஸ்டலுக்கு வந்து சொன்னபோது நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? "நீ சோம்பேறின்னு தெரியும் மச்சான், கண்ணுமா?" அன்று ராத்திரிதான் அவன் ஸ்டீரியோஸ்கோப் விஷயத்தைச் சொன்னான். "எனக்கு எதுவும் எழும்பலடா. எல்லாருக்கும் எழும்புச்சுன்னு சொன்னீங்க, நானும் சொல்லிட்டேன்." கிரிக்கெட்டில் அவன் விட்ட கேட்ச்சுக்கெல்லாம் நாங்கள் வைத்த பட்டப்பெயர் ஒன்று உண்டு. அதை இங்கே சொல்லப்போவதில்லை.

நானும் அதோடு மறந்துவிட்டேன். மறந்ததுதான் என் தப்பு.

2022 நவம்பர். தமிழ்நாடு முழுக்க மெட்ராஸ் ஐ பரவிய மாதம். என் மகள் அப்போது யு.கே.ஜி. அவளுக்கு வலது கண்ணில் முதலில் வந்தது. இமை வீங்கி, பீளை கட்டி, காலையில் திறக்கவே முடியவில்லை. என் மாமியார் வெந்நீரை ஆறவைத்து, பஞ்சை நனைத்து அந்தக் கண்ணின் மேல் வைத்துவிட்டுக் குழந்தையை டிவி முன்னால் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் குழந்தை கேட்டது: "அம்மாயி, டிவியில ஏன் எல்லாரும் கலைஞ்சு போயிட்டாங்க?"

"கண்ணுல தண்ணி நிக்குது சாமி, அதான்" என்றார் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பஞ்சு இருந்தது வலது கண்ணில். பார்த்துக்கொண்டிருந்தது இடது கண். அது பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அப்போதுதான் என் ரூம்மேட் ஞாபகம் வந்தது. வயிற்றில் ஏதோ செய்தது.

வலது கண் ஆறும்வரை பத்து நாள் காத்திருந்தேன். சுவரில் மாதக் காலண்டர். பத்தடி தள்ளி நிற்கவைத்து இடது கண்ணை மூடினேன். மூலையில் இருந்த சின்ன எண்ணைக்கூடச் சொன்னாள். வலது கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள். பிறகு தலையைத் திருப்பி, என் விரல் இடுக்கு வழியாக வலது கண்ணாலேயே பார்க்க முயற்சி பண்ணினாள். குழந்தைகள் ஏமாற்றுவதில்லை, தெரிகிற கண்ணைத் தேடிப் போகிறார்கள்.

கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, பாப்பா விரிந்தபின் - கண் பாப்பா, என் பாப்பா இல்லை - ஒரு சின்ன விளக்கை ஆட்டிப் பார்த்துப் பவர் கண்டுபிடித்தார்கள். வலது கண் பிளஸ் 1. இடது கண் பிளஸ் 5. சரியான கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால்கூட இடது கண்ணில் 6/36. அதாவது நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படிக்கிற எழுத்தை அது 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? எஞ்சினியருக்குப் புரிகிற மாதிரி டாக்டரம்மாவிடம் கேட்டுக் கேட்டு நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் இரண்டு கண்ணுக்கும் ஃபோகஸ் உத்தரவு மூளையிலிருந்து ஒரே அளவில்தான் போகும். ஒரே மோட்டாரில் இரண்டு வால்வை இணைத்த மாதிரி. வலது கண்ணுக்கு ஒரு பங்கு திருகினால் போதும், படம் தெளிந்துவிடும். மோட்டார் அங்கேயே நின்றுவிடும். இடது கண்ணுக்கு இன்னும் நாலு பங்கு திருக வேண்டும், யார் திருகுவது? ஆகவே அந்தக் கண்ணின் படம் பிறந்த நாளிலிருந்து கலங்கலாகவே இருக்கிறது. ஒரு படம் தெளிவு, ஒரு படம் கலங்கல் என்று வரும்போது மூளை கலங்கலைத் தள்ளிவைத்துவிடுகிறது. தள்ளித் தள்ளிக் கடைசியில் அந்தக் கண்ணிலிருந்து வருவதை வாசிக்கவே கற்றுக்கொள்ளாமல் போகிறது. கண் சோம்பேறி இல்லை. அது பாவம், பார்த்ததை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறது.

இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் டேவிட் ஹ்யூபெல், டார்ஸ்டென் வீஸல் என்ற இரண்டு பேர். 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பூனைக்குட்டிகளை வைத்து ஆராய்ந்தார்கள். பிறந்த குட்டியின் ஒரு கண் இமையைச் சில வாரங்கள் தைத்து வைத்து, பிறகு பிரித்தார்கள். கண்ணில் குறை இல்லை. ஆனால் மூளையின் பார்வைப் பகுதியில் அந்தக் கண்ணுக்குப் பதில் சொல்ல அநேகமாக ஆளே இல்லை. எல்லா இடத்தையும் திறந்திருந்த கண் பிடித்துக்கொண்டுவிட்டது. வளர்ந்த பூனைக்கு அதே மாதிரி எத்தனை நாள் மூடி வைத்தாலும் ஒன்றும் ஆகவில்லை. 1981-ல் அவர்களுக்கு நோபல் பரிசு. கேட்க மனசுக்குக் கஷ்டமான சோதனைதான். ஆனால் பிறவிக் கண்புரையோடு பிறக்கும் குழந்தைக்கு ஆபரேஷனை வருஷக்கணக்கில் தள்ளிப்போடாமல் முதல் சில வாரங்களிலேயே செய்துவிட வேண்டும் என்று இன்று டாக்டர்கள் அவசரப்படுவதற்குப் பின்னால் அந்தப் பூனைக்குட்டிகள் இருக்கின்றன.

சிவில்காரர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம்: செட்டிங் டைம். சிமென்ட்டில் தண்ணீர் ஊற்றிய அரைமணிக்குள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். பிறகு இறுகும். மூளையில் பார்வைக்கு அந்த ஆரம்ப நேரம் முதல் ஏழெட்டு வருஷம். அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்காது என்று அந்தக் காலத்தில் கையை விரித்துவிடுவார்கள். அது சரியில்லை என்று இப்போது தெரிந்திருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சோம்பேறிக் கண் வருவதற்குப் பவர் வித்தியாசம் மட்டும் காரணமில்லை. மாறுகண் இன்னொரு பெரிய காரணம். இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்த்தால் இரண்டு படம் வரும். மூளை ஒன்றைத் தள்ளிவிடும். நம் ஊரில் மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லிக் கொஞ்சுவார்கள். அதிர்ஷ்டம் இருக்கட்டும், ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு மாறுகண் தெரிந்தால் டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் கொஞ்சுங்கள். கண்புரை, இமை தொங்கிப் பாப்பாவை மறைப்பது இவையும் உண்டு. ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோவில் ஒரு கண்ணில் சிவப்புக்குப் பதில் வெள்ளை மினுக்கம் தெரிந்தால் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். அது கண்புரையாகவும் இருக்கலாம், அதைவிடக் கெட்டதாகவும், அதாவது விழித்திரைக் கட்டியாகவும் இருக்கலாம்.

மாறுகண்ணாவது வெளியில் தெரியும். என் மகள் மாதிரி பவர் வித்தியாசத்தால் வருவது வெளியில் தெரியவே தெரியாது. கண் அழகாக, நேராக இருக்கும். குழந்தை படிக்கும், எழுதும், ஓடும். "தெரியலை" என்று சொல்லாது. அதற்கு எப்படித் தெரியும், இரண்டு கண்ணாலும் பார்ப்பது எப்படி இருக்கும் என்று? பம்ப் ஹவுஸில் ட்யூட்டி பம்ப் ஒன்று, ஸ்டாண்ட்பை பம்ப் ஒன்று வைப்போம். ட்யூட்டி பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்வரை தொட்டியில் தண்ணீர் நிறைந்துகொண்டே இருக்கும். ஸ்டாண்ட்பை கெட்டுப்போனது, முதல் பம்ப்பை நிறுத்தினால்தான் தெரியும். நாம் சைட்டில் மாதாமாதம் நிறுத்திப் பார்க்கிறோம். வீட்டில் பார்ப்பதில்லை. நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேருக்கு இது இருக்கும் என்று சொல்கிறார்கள். இந்த ஹாலில் ஓடிப்பிடித்து விளையாடும் வாண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

சரி, வைத்தியம். முதல் வைத்தியம் கண்ணாடி. வெறும் கண்ணாடி. தினம் முழுக்கப் போட வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதாவது பெரிதாகச் செய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் கலங்கல் படம் தெளிந்தாலே மூளை அந்தக் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் பார்க்க ஆரம்பிக்கிறது. அமெரிக்காவில் குழந்தைகள் கண் டாக்டர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து வருஷக்கணக்காக ஆராய்ந்துவருகிறார்கள். பவர் வித்தியாசம் உள்ள சின்னக் குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குக் கண்ணாடியிலேயே குணமாகிவிடுகிறது என்று 2006-ல் எழுதினார்கள். என் மகளுக்கு நாலு மாதத்தில் 6/36 என்பது 6/24 ஆனது. அங்கே நின்றுவிட்டது.

இரண்டாவது, நல்ல கண்ணை மூடுவது. பேட்ச். பிரான்ஸில் புஃபோன் என்ற அறிஞர் 1743-லேயே எழுதி வைத்த வைத்தியம் இது. இன்றும் இதுதான் முதுகெலும்பு. எத்தனை மணி நேரம் மூடுவது என்பதில்தான் மாற்றம். முன்பெல்லாம் காலையிலிருந்து ராத்திரி வரை மூடச் சொல்வார்களாம். அதே அமெரிக்கக் குழு 2003-ல் இரண்டு ஆராய்ச்சிகளை வெளியிட்டது. நடுத்தரக் குறைவுள்ள குழந்தைகளுக்கு 2 மணி நேரம் மூடுவதும் 6 மணி நேரம் மூடுவதும் நாலு மாதத்தில் ஒரே பலனைத் தந்தன. அதிகக் குறைவுள்ளவர்களுக்கு 6 மணி நேரமும் நாள் முழுக்கவும் ஒன்றுதான். மூடுவதற்குப் பதில் நல்ல கண்ணில் அட்ரோபின் சொட்டு விட்டு அதைக் கலங்கலாக்குவதும் உண்டு. நடுத்தரக் குறைவுக்கு அதுவும் பேட்ச் அளவுக்கு வேலை செய்கிறது. டாக்டர் சொன்னால் மட்டும். அந்த பாட்டில் குழந்தை கைக்கு எட்டக் கூடாது, உள்ளே போனால் விஷம்.

எங்களுக்கு 2 மணி நேரம் என்றார் டாக்டரம்மா. பேட்ச்சைத் தோலில் ஒட்ட வேண்டும், கண்ணாடியின் மேல் ஒட்டினால் இடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பார்கள். ஒரு நோட்டில் தினமும் எத்தனை மணி நேரம் ஒட்டினோம் என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார். நோட்டா! என்னிடமா! எக்ஸெல் ஷீட்டே போட்டேன். தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், மொத்தம், கிராஃப்.

இனி சொல்வதை என் மனைவி முன்னால் உட்கார்ந்திருப்பதால் சரியாகச் சொல்ல வேண்டும். அப்போது எனக்கு சைட் வேறு மாவட்டத்தில். சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியக்காலை கிளம்பிவிடுவேன். பேட்ச் ஒட்டுவது என் மனைவியும் மாமியாரும். ஐந்தரை வயசுக் குழந்தைக்கு நன்றாகத் தெரிகிற கண்ணை மூடிவிட்டுத் தெரியாத கண்ணால் பார் என்றால் என்ன செய்யும்? அழும். பிய்க்கும். "அம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இன்னொரு குழந்தை "உனக்கு ஒரு கண் இல்லையா" என்று கேட்டுவிட்டது. ஒட்டிய இடத்தில் தோல் சிவந்துவிட்டது. இருபது நிமிஷம், அரைமணி, சில நாள் பூஜ்யம்.

ஞாயிற்றுக்கிழமை நான் உட்கார்ந்து ஷீட்டை நிரப்புவேன். "திங்கள் எவ்வளவு?" என்பேன். "ஞாபகமில்லைங்க, ஒட்டினோம்" என்பாள் மனைவி. நான் 2 என்று போடுவேன். செவ்வாய் 2. புதன் 1.75. எல்லாமே 2 என்றிருந்தால் நன்றாக இருக்காது பாருங்கள். ரெக்கார்டு நோட்டு எழுதிய கை அல்லவா. தியரி வேல்யூ தெரியும், அதற்குப் பக்கத்தில் ரீடிங் வைக்கத் தெரியாதா?

மூன்று மாதம் கழித்துப் போனோம். டாக்டரம்மா ஷீட்டைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். பிறகு குழந்தையைப் பரிசோதித்தார். அதே 6/24. ஒரு வரி கூட ஏறவில்லை. சார்ட்டைப் பார்த்தார், ஷீட்டைப் பார்த்தார். "இவ்வளவு ஒட்டியும் ஏறலைன்னா 2 மணி நேரம் போதலை. இனிமே 6 மணி நேரம் ஒட்டுங்க" என்று எழுத ஆரம்பித்தார்.

நான் பேசாமல் இருந்தேன். என்னை மன்னிக்க வேண்டும், அந்த நிமிஷம் நான் பேசாமல்தான் இருந்தேன். என் மனைவிதான், "டாக்டர், எழுதாதீங்க. அந்தக் கணக்கு நிஜம் இல்லை. தினம் அரைமணிகூட ஒட்டலை. இவர் வீட்லயே இல்லை" என்றாள்.

ஆய்வுக் கட்டுரையில் நான் பிறகு படித்தது இது. லண்டனில் ஒரு குழு பேட்ச்சிலேயே சின்ன மின்னணுக் கருவியைப் பொருத்தி, அது தோலில் உண்மையாக எத்தனை நேரம் ஒட்டியிருக்கிறது என்று அளந்தது. தினம் 6 மணி நேரம் என்று சொல்லி அனுப்பினார்கள். சராசரியாக நடந்தது அதில் பாதிகூட இல்லை. அதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல், உலகம் முழுக்க நம்ம ஆட்கள்தான். ஆனால் அதே அளவீட்டிலிருந்து அவர்கள் எடுத்த இன்னொரு எண் என்னைத் தூங்கவிடவில்லை. பார்வை சார்ட்டில் ஒரு வரி ஏறுவதற்கு ஏறக்குறைய 120 மணி நேரம் பேட்ச் தேவைப்படுகிறது. என் ஷீட்டில் மூன்று மாதத்துக்கு 170 மணி நேரம் இருந்தது. நிஜத்தில் நாற்பதைத் தாண்டியிருக்காது. என் பொய்க் கணக்கை நம்பி ஒரு நல்ல டாக்டர் மருந்து அளவை மூன்று மடங்காக்க இருந்தார். அதைச் சுமக்க வேண்டியது நான் இல்லை, யு.கே.ஜி. குழந்தை.

டாக்டரம்மா கோபப்படவில்லை. அந்தத் தாளைக் கிழித்தார். "2 மணி நேரமே. ஆனா நிஜ 2 மணி நேரம்" என்றார்.

அதன்பிறகு ஷீட் இல்லை. சமையலறைக் காலண்டரில் மனைவி பென்சிலால் எழுதுவாள். பூஜ்யம் என்றால் பூஜ்யம். நான் மேலதிகாரியிடம் பேசி ஊருக்குப் பக்கத்தில் சைட் மாற்றிக்கொண்டேன். ஒரு ப்ரமோஷன் தள்ளிப்போனது. அதைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. சாயங்காலம் 6 முதல் 8 வரை பேட்ச் நேரம், நானும் ஒன்றை ஒட்டிக்கொள்வேன். இரண்டு பேரும் ஒற்றைக் கண்ணோடு கேரம் ஆடுவோம். பேட்ச்சின் மேல் அவளே மீன், பட்டாம்பூச்சி எல்லாம் வரைந்தாள். மாமியார் பூக் கட்டக் கற்றுக்கொடுத்தார். கண்ணுக்கு நல்ல வேலை கொடுத்தால் சீக்கிரம் குணமாகும் என்று அவர் நம்பிக்கை. கிட்டத்து வேலை பார்த்தாலும் தூரத்தில் பார்த்தாலும் பலன் ஒன்றுதான் என்று 2008-ல் ஓர் ஆராய்ச்சி சொல்லிவிட்டது. நான் மாமியாரிடம் சொல்லவில்லை. பொன்னாங்கண்ணிப் பொரியலும் தினம் நடந்தது. கீரை நல்லதுதான், ஆனால் சோம்பேறிக் கண்ணைக் கீரை ஒன்றும் செய்யாது; கண் பயிற்சி, யோகா என்று விளம்பரம் செய்கிறவர்களும் ஒன்றும் செய்ய முடியாது. மாறுகண் ஆபரேஷன் கண்ணை நேராக்கும், மூளையின் பழக்கத்தை அது மாற்றாது. அதன் பிறகும் பேட்ச் வேண்டியிருக்கும்.

எட்டு மாதத்தில் 6/24 என்பது 6/9 ஆனது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏறக்குறைய நாலு வரி. 120-ஆல் பெருக்கிப் பாருங்கள், காலண்டரில் பென்சிலால் எழுதிய மொத்தத்துக்குப் பக்கத்தில் வருகிறது. ரீடிங்கும் தியரியும் என் கை படாமல் ஒத்துப்போனது எனக்கு அதுதான் முதல் தடவை.

நிறுத்தியபிறகும் நாலில் ஒரு குழந்தைக்குப் பார்வை கொஞ்சம் பின்வாங்குகிறது என்பதால் மெதுவாகக் குறைத்தார்கள், இன்னும் செக்கப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். கண்ணாடி தொடர்கிறது. இப்போது அவள் மூன்றாம் வகுப்பு. போன முறை போனபோது ஒரு பெரிய ஈயின் படத்தைக் கொடுத்து, விசேஷக் கண்ணாடி போட்டு, "இறக்கையைப் பிடி" என்றார்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் இறக்கை காகிதத்துக்கு மேலே எழும்பி நிற்கும். முதல் வருஷம் அவள் காகிதத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். இந்தத் தடவை காகிதத்துக்கு இரண்டு அங்குலம் மேலே, காற்றில் கிள்ளினாள். கிள்ளிவிட்டு "சீ" என்று கையை உதறினாள். ஸர்வே லேபில் நான் சொன்ன "ஆ" அதுதான்.

இதை என் ரூம்மேட்டுக்குப் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு இனிமே ஏதாவது ஆகுமாடா?" என்றான்.

அவனுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். 7 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளில் பாதிப் பேருக்கு மேல் கண்ணாடி, பேட்ச், சொட்டு மருந்து எல்லாம் சேர்த்துக் கொடுத்தபோது முன்னேற்றம் கிடைத்தது என்று 2005-ல் வந்த ஆராய்ச்சி சொல்கிறது. 13 முதல் 17 வரை கூட, அதற்கு முன் வைத்தியமே பார்க்காதவர்களுக்குப் பலன் இருந்தது. ஆகவே "ஏழு வயசு தாண்டிடுச்சு, இனி வேஸ்ட்" என்று யாராவது சொன்னால் இன்னொரு டாக்டரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு? நல்ல கண் பழுதானபின் சோம்பேறிக் கண் ஓரளவு தேறிய ஆட்கள் உண்டு. ஆக மூளை முழுக்க இறுகிவிடவில்லை. 28 நாளுக்குப் பிறகும் கான்கிரீட் கொஞ்சம் பலம் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது அல்லவா. இரண்டு கண்ணுக்கும் வெவ்வேறு படம் காட்டிச் சேர்ந்து வேலை வாங்கும் கருவிகள் வந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு அப்படி ஒன்றை 2021-ல் அமெரிக்க அரசு அனுமதித்தது. முப்பத்தெட்டு வயசு ஆளுக்கு நம்பிக் காசு கட்டு என்று சொல்லும் அளவுக்கு ஒன்றும் கையில் இல்லை.

அவனுக்கு வேண்டியது வேறு. அவனிடம் இருப்பது ஒரே ஒரு ட்யூட்டி பம்ப். அவன் இன்று காண்ட்ராக்ட் எடுத்து நன்றாக இருக்கிறான், ஆனால் சைட்டில் கம்பி வெட்டும் இடத்தில் வெறும் கண்ணோடு நிற்பான். இப்போது பவர் இல்லாவிட்டாலும் பாலிகார்பனேட் கண்ணாடி எப்போதும் போட்டிருக்கிறான். காலையில் பார்த்தபோது "ஸ்டைலா" என்று கேட்டவர்களுக்குப் பதில் இதுதான்.

மாணவர்களே, உங்களுக்குக் குழந்தை இல்லை, ஆனால் தம்பி தங்கை, அக்கா பிள்ளைகள் இருப்பார்கள். ஒவ்வொரு கண்ணாக மூடிப் பாருங்கள். உள்ளங்கையால் முழுக்க மூட வேண்டும், விரலால் மூடினால் இடுக்கு இருக்கும். ஒரு கண்ணை மூடினால் சும்மா இருக்கும் குழந்தை, மற்றதை மூடினால் மட்டும் சிணுங்கினால் அதுவே சேதி. வீட்டில் பார்ப்பது முடிவான பரிசோதனை இல்லை. மூன்று வயசுக்கும் ஐந்து வயசுக்கும் நடுவில் ஒரு தடவையாவது கண் மருத்துவமனையில் முறையாகப் பார்த்துவிட வேண்டும். எழுத்துத் தெரியாத குழந்தைக்குப் படம் போட்ட சார்ட் உண்டு. 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தில் அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் பரிசோதனைக் குழு வருகிறது. அவர்கள் சீட்டுக் கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் அந்தச் சீட்டைப் பரணில் போடாதீர்கள். உங்களுக்கே கூட, ஸ்டீரியோஸ்கோப்பில் எழும்பவில்லை என்றால் எழும்பவில்லை என்று எழுதுங்கள். லேபில் மார்க் குறைந்தால் நான் ஸாரிடம் பேசுகிறேன்.

நாளை காலை 9 மணிக்கு நம் சிவில் பிளாக் தரைத்தளத்தில், பழைய ஸர்வே லேபில், குழந்தைகளுக்குக் கண் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம். செலவில் பாதி என் ரூம்மேட்டுடையது. மூன்று வயசிலிருந்து கூட்டி வரலாம். ஏற்கெனவே கண்ணாடி இருந்தால் கையோடு கொண்டு வாருங்கள். சாப்பிடவைத்துக் கூட்டி வாருங்கள், பசியில் இருக்கும் குழந்தை எதையும் படிக்காது. சந்தேகம் வரும் குழந்தைகளுக்கு ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருவார்கள். ஏற்காடு பஸ் பதினொன்றரைக்குத்தான் கிளம்புகிறது, டிரைவரிடம் சொல்லியாகிவிட்டது.